தொடர்ச்சிக் குறிப்பு

என் வேலை, பார்ப்பது.
கோப்பை எந்தக் கையில், கோட்டில் எத்தனை பொத்தான்,
மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருந்தது.
வூட்ச் நகரத்து ஸ்டுடியோவில் முப்பத்தொரு வருஷம்
அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அதனால் சொல்கிறேன்:
லியோகாடியா வ்ரூபெல் திறந்த கதவுகள் நாற்பத்திரண்டு.
வெளியே எப்போதும் நாயகன் நிற்பான்,
தோளில் பனி, வாயில் கெட்ட சேதி.
"அவர் இல்லை" என்பாள். அல்லது, "மாடியில் இருக்கிறார்."
கேமரா அவளைத் தாண்டிப் படியேறிவிடும்.
அதற்கப்புறம் அவள் கதவைச் சாத்துவாள்.
படத்தில் வராது. ஆனாலும் சாத்துவாள்,
அட்டையில் கட்டிய அந்த வீட்டுக்குள்
குளிர் வந்துவிடக் கூடாதென்று.

அறை வாடகைக்கு விடுபவள், மருத்துவச்சி,
மூன்றாம் சாட்சி,
இரண்டு கன்னியாஸ்திரீகளில் உயரமானவள்.
திரையில் அவள் பெயர் ஏறி வருவதற்குள்
ஜனங்கள் எழுந்து தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மாலையில் நூற்பாலைக்குப் பின்னால் நாடகக் கொட்டகை.
மேக்கப் கலைக்க நேரமிருக்காது;
சாகக் கிடந்த மாமியாரின் முகத்தோடு டிராமில் ஏறுவாள்.
யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.
அவளுக்கு அப்போது முப்பத்தாறு.
உட்கார்ந்துகொள்வாள், முனகலோடு.

ஒருமுறை ஆல்டோனாவுக்குத் தொண்டை கட்டியது.
ஆறு இரவுகள் இவள் ராணி.
ஏழாம் இரவு, தேறி வந்த ராணிக்கு
மண்டியிட்டுச் செருப்பு மாட்டினாள்.
எப்படி முடிகிறது என்று கேட்டேன்.
"எந்த இடத்தில் கடிக்கும் என்று இப்போது தெரியும்" என்றாள்.

எழுபத்து நான்கு, பிப்ரவரி. சூப் காட்சி.
முதல் ஷாட்டில் வலது கையில் மோதிரம்;
எங்களுக்குக் கல்யாண மோதிரம் வலது கைக்கு.
மதியம் காவலாளி அறையில் அவளுக்கு ஒரு டெலிபோன்.
இரண்டு நிமிஷம் இருக்கும்.
திரும்பி வந்தாள், தட்டை எடுத்தாள், விளக்குகள் எரிந்தன.
விரல் வெறுமையாக இருந்தது.
மோதிரத்தின் தடம் மட்டும், வெளுப்பாக.
என் பென்சில் உயர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.
இயக்குநர் கொர்னெல்
நாயகனின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பென்சிலை இறக்கிவிட்டேன்.
ஸெனோன் செத்தானா, விட்டுப்போனானா,
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
அன்று பதினொரு தடவை சூப் கொண்டுவந்தாள்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிறகு ஆட்சி மாறிற்று. ஸ்டுடியோவைப் பூட்டினார்கள்.
டி.வி. தொடர் ஒன்றில் பதினேழு வருஷம் படிக்கட்டு கழுவினாள்.
அப்போதுதான் ஊருக்கு அவளைத் தெரிந்தது.
மருந்துக்கடையில் நிறுத்தி
மேல்வீட்டுக்காரன் குழாயைப் பற்றிப் புகார் சொல்வார்கள்.
பொறுமையாகக் கேட்பாள்.
சில சமயம் தீர்ப்பும் வழங்குவாள்.

போன வாரம் ஒரு பையன் கூப்பிட்டான்.
பழைய படங்களைக் கணினியில் சுத்தம் செய்கிறானாம்.
"நான்காம் சுருளில் ஒரு பிழை, அம்மா.
சூப் கொண்டுவருகிற பெண்ணின் மோதிரம்
ஒரு ஷாட்டில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை.
பின்னதில் போட்டுவிடலாம், ஐந்து நிமிஷ வேலை.
இல்லை, முன்னதில் எடுத்துவிடலாம்.
எது சரி?"

எது சரி.

நடிகர் இல்லத்துக்கு போன் செய்தேன்.
எண்பத்தெட்டு வயசு, காது மந்தம்;
இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
அப்புறம் சிரித்தாள், இருமல் வருமளவுக்கு.
"என் கையையா பார்த்தான்?
நாயகன் அங்கே அழுதுகொண்டிருக்கும்போதா?
அவன் பேரைக் கேட்டு வை."

இக்னட்ஸி. கேட்டு வைத்திருக்கிறேன்.
எதையும் தொடாதே என்று அவனிடம் சொன்னேன்.
பரணிலிருந்து குறிப்பேட்டை இறக்கி,
ஐம்பது வருஷமாகக் காலியாக இருந்த கட்டத்தில்
பென்சிலால் எழுதினேன்:

வலது கை. மோதிரம் இல்லை.
சரிபார்க்கப்பட்டது.